வினோத்தின் பொட்டலம்

“சரி, வெள்ளை இருபத்தஞ்சு, செவப்பு நூறு. நீலம்?”

“ஐந்நூறு. மஞ்சள் ஆயிரம்.”

“பச்சை?”

“பச்சையும் வேணாம், கறுப்பும் வேணாம். பச்சைய எடுத்தா ஒரு கட்சி. கறுப்பையும் செவப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சா இன்னொரு கட்சி. எங்க ஊட்டுக்காரரும் உன் புருஷனும் சீட்ட கவுத்து வச்சுட்டு எலெக்‌ஷன் பேச ஆரம்பிச்சுருவாங்க. ஆட்டம் அதோட போச்சு.”

ஜாஸ்லின் சிரித்த சிரிப்பில், வேனின் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்ந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறியவர்களை ஒவ்வொருவராக உதிர்த்துக்கொண்டு, கம்பெனி வேன் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. லாவண்யாவும் ஜாஸ்லினும் கடைசி சீட். இருவருக்கும் திருவேற்காட்டில் அடுத்தடுத்த தெரு. பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் ஜாஸ்லின் குவாலிட்டி, லாவண்யா பிளானிங். இன்றைக்கு எந்த பார்ட் எத்தனை ஓட வேண்டும், எது தீர்ந்தால் லைன் நிற்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் லாவண்யாவுக்குச் சம்பளம். யோசிக்கிற பழக்கம் ஷிப்ட் முடிந்தாலும் முடிவதில்லை. போன வாரம் முழுக்க அவள் யோசித்தது சீட்டாட்டக் காயின்களைப் பற்றி. கடைக்காரர்கள் அதைப் போக்கர் சிப் என்பார்கள். கணவன் தினகரனிடம் சிப் வேண்டும் என்று சொன்னபோது அவன் கால் கிலோ நேந்திரங்காய் வறுவலோடு வந்து நின்றான். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் காயின்தான்.

“எல்லா கலர்லயும் ஒரே அளவு வாங்கிட்டா இன்னாடி? கணக்கு ஈசி” என்றாள் ஜாஸ்லின்.

“பஸ்ல ஏறி, கண்டக்டர் பையில அத்தனையும் ஐந்நூறு ரூபா நோட்டா இருந்தா டிக்கெட் குடுக்க முடியுமா? சில்லறை நிறைய வேணும். பெரிசு கம்மியா போதும். ஆளுக்கு எட்டு வெள்ளை, எட்டு செவப்பு, நாலு நீலம், ரெண்டே ரெண்டு மஞ்சள். கூட்டிப் பாரு, ஐயாயிரம். ஆட்டம் போகப் போக வைக்க வேண்டிய பந்தயம் ஏறும். அப்ப வெள்ளைக்கு வேலையே இருக்காது. நாலு வெள்ளைய வாங்கிட்டு ஒரு செவப்பு குடுத்துட்டா டேபிள் சுத்தமாயிடும்.”

“காயின் மேல நம்பர் போட்டிருக்குமா?”

“வேணாம்னுட்டேன். நம்பர் போட்டா ஒரு ஆட்டத்துக்குத்தான் ஆகும். நம்பர் இல்லாட்டி இன்னிக்கு இதே வெள்ளை இருபத்தஞ்சு. நாளைக்கு சும்மா ஆடுற ஆட்டத்துல ஒரு கடலை மிட்டாய்.”

சும்மா ஆடுகிற ஆட்டம் என்றால், யார் வேண்டுமானாலும் நடுவில் வரலாம், எழுந்து போகலாம், காயின் தீர்ந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஊரில் மற்றவர்கள் அதைக் காசுக்கு ஆடுவார்கள். லாவண்யா வீட்டில் கடலை மிட்டாய்க்கு ஆடினார்கள். காசு கூடாது என்பது தினகரன் போட்ட சட்டம். அவனுடைய சித்தப்பா ஒருவர் சென்னீர்குப்பத்து நிலத்தில் பாதியைச் சீட்டில் விட்டவர். அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய குடோன் நிற்கிறது, அதற்கு எதிரில் தினகரனின் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் குடோனைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கடைக்குள் போவான்.

வேன் தண்ணி லாரியைத் தாண்டியது. ஜாஸ்லின் குரலைத் தாழ்த்தினாள்.

“வினோத் வருவானா?”

இத்தனை திட்டமும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

வினோத் அவளுடைய தம்பி. ஜாஸ்லினின் கணவன் ஆன்டோவோடு ஆவடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஆன்டோவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அதிகமாக வியர்த்தவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேரும் லாவண்யா வீட்டு ஹாலில் பாயை விரித்துப் போக்கர் ஆடுவார்கள். அப்போது காயின் கிடையாது, புளியங்கொட்டைதான். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடியும்போது தொடங்கியதைவிடக் கொட்டை அதிகமாக இருந்தது. சமையலறைப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் வினோத். புளிப் பானைக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். “இன்னா மச்சான், கொட்டை குட்டி போட்டுச்சா?” என்றான் ஆன்டோ, சிரித்துக்கொண்டேதான். எல்லோரும் சிரித்தார்கள், வினோத்தைத் தவிர. அதற்கப்புறம் அவன் வரவில்லை. ஆன்டோவின் போனையும் எடுப்பதில்லை. அக்காவின் போனை எடுப்பான், ஆனால் வேலை இருக்கிறது என்பான். எண்ணி வாங்கிய காயின், எண்ணிக் கொடுத்த காயின் என்றால் யாரும் யாரையும் ஒரு சொல் சொல்ல முடியாது. தம்பி தலை நிமிர்ந்து வந்து உட்காரலாம். லாவண்யாவின் கணக்கு அதுதான்.

“வருவான்” என்றாள். “வர வைக்கிறேன்.”

பெட்டி வந்தது. முந்நூறு காயின்கள், களிமண் போன்ற சொரசொரப்பு. இரண்டு காயின்களைச் சேர்த்துத் தட்டினால் கேட்கிற சத்தத்துக்காகவே தினகரன் ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். படத்தில் பளிச்சென்று இருந்தது, கையில் வந்ததும் பலமுறை துவைத்த சுடிதார் போல வெளிறிப்போயிருந்தது. லாவண்யா ஐந்து பாலித்தீன் கவர்களை எடுத்து, ஆளுக்கு ஒரு பொட்டலமாக எட்டு, எட்டு, நாலு, இரண்டு என்று போட்டு, மேலே மார்க்கரால் பெயரையும் எழுதினாள். யார் பொட்டலத்தில் எத்தனை என்ற பேச்சே வரக்கூடாது. இரண்டு முறை எண்ணினாள். ஜாஸ்லினைக் கூப்பிட்டு மூன்றாவது முறை எண்ண வைத்தாள். குவாலிட்டி ஓகே என்று ஜாஸ்லின் காற்றில் முத்திரை குத்தினாள்.

நடுவில் ஆயுதபூஜை வந்தது. லாவண்யா கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டுப் பொரி கடலையோடு திரும்பியபோது, தினகரன் கடைப் பூஜையை முடித்து வீட்டுப் பூஜையையும் முடித்திருந்தான். பைக், மிக்ஸி, காற்றடிக்கும் பம்ப், அவளுடைய லேப்டாப், எல்லாவற்றின் நெற்றியிலும் பொட்டு. அலமாரியில் காயின் பெட்டியின் மூடி மேலும் ஒன்று. அவள் சிரித்துக்கொண்டாள். வேறொன்றும் யோசிக்கவில்லை.

வினோத்தை வரவழைக்க அவள் தன் பிறந்த நாளைப் பயன்படுத்தினாள். பிறந்த நாள் வியாழக்கிழமை. அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாள்.

“அவனும் வரானா?” என்றான் வினோத் போனில்.

“வரான். நீயும் வர. அக்கா பொறந்த நாளுக்குக் கூட வரலன்னா அப்புறம் என்னிக்குடா?”

அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. மத்தியானமே டியூப்லைட் போட வேண்டியிருந்தது. வினோத் கேக்கோடு வந்தான், கேக்கை அக்காவிடம் கொடுத்தான், ஜாஸ்லினை நலம் விசாரித்தான், ஆன்டோவைப் பார்த்து லேசாக ஒருமுறை தலையாட்டினான். ஆன்டோவும் ஆட்டினான். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தினகரன் அதில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்து, “மாப்ள, இந்தா உன் பொட்டலம்” என்று ஐந்தையும் பிரித்துக் கொடுத்தான்.

வினோத் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தான். ஒரு நிமிடம் குனிந்தே இருந்தான். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்து மெல்லச் சிரித்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. லாவண்யாவும் கண் நிறையச் சிரித்தாள்.

ஆட்டம் தொடங்கியது. வெள்ளை போய்ச் சிவப்பாக வந்தது, சிவப்பு போய் நீலமாக வந்தது. எங்கேயும் சில்லறைத் தட்டுப்பாடு இல்லை, லைன் நிற்கவில்லை. லாவண்யாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. வினோத்திடம்தான் வெள்ளை சீக்கிரம் தீர்ந்துபோனது. சிவப்பாகவே போட்டு ஆடினான். கையில் இருந்ததை நீலத்துக்குப் பின்னால் அணைத்து வைத்துக்கொண்டு, பரீட்சையில் விடைத்தாளை மறைப்பவன் போல முழங்கையைச் சுற்றிப் போட்டிருந்தான். வெட்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாழைக்காய் பஜ்ஜி இரண்டு தட்டு காலியானது. ஜாஸ்லின் ஒரு ஜோடி ராணியை நம்பி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினாள். வினோத்திடம் ராஜா ஜோடி இருந்தது.

“போச்சுடா” என்று ஜாஸ்லின் எழுந்தாள். “பொறந்த நாள்காரி தம்பிக்கே வாரிக் குடுத்துட்டேன்.”

“இன்னிக்கு மச்சான் ஃபார்ம்ல கீறான்” என்றான் ஆன்டோ. மூன்று மாதத்தில் அவன் அந்தப் பக்கம் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. வினோத் தட்டிலிருந்த கடைசி பஜ்ஜியைப் பாதியாகக் கிள்ளி அவனிடம் நீட்டினான். லாவண்யா அதைப் பார்க்காதது போல எழுந்துபோய் டீ போட்டாள். டீயில் சர்க்கரை இரண்டு முறை விழுந்தது.

டீ முடிந்ததும் பந்தயம் ஏறியது. “வெள்ளையெல்லாம் குடுங்க, மாத்திரலாம்” என்று அவள், உபரிக் காயின்களைத் தனிக் கவரில் எடுத்து வைத்துவிட்டு, காலிப் பெட்டியை நடுவில் வைத்தாள். வெள்ளைகள் சலசலவென்று விழுந்தன.

“அக்கா, பெரிய காயின முன்னாடி வைக்கணும்னு சொன்னியே. எல்லாரும் வைங்கப்பா, எவன் எவ்ளோ வச்சிகினு கீறான்னு தெரியட்டும்” என்றான் ஆன்டோ. நல்ல மனதோடுதான் சொன்னான். தன்னுடைய இரண்டு மஞ்சளை முன்னால் தள்ளினான். தினகரன் இரண்டு. லாவண்யா இரண்டு. வினோத் முழங்கையை எடுக்க நேரமானது. எடுத்தபோது அங்கே பத்து மஞ்சள்.

மழை அப்போதுதான் பிடித்தது. ஆன்டோ பத்தையும் பார்த்தான், தன்னுடைய இரண்டையும் பார்த்தான்.

“ஆட்டத்துலயே மொத்தம் பத்துதானேக்கா? ஜாஸ்லினோட ரெண்டும் அவன் ரெண்டும் சேத்தா நாலு. மீதி?”

ஜாஸ்லின் கழுத்தை நீட்டிப் பத்தையும் எண்ணினாள்.

“புளியங்கொட்டைதான் குட்டி போடும்னு நெனச்சேன்” என்றான் ஆன்டோ. இந்த முறை சிரிக்கவில்லை.

வினோத் அவனைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்தான். ஏதோ சொல்லேன் என்பது போன்ற பார்வை. லாவண்யாவுக்கு அது விளங்கவில்லை. “எனக்குத் தெரியலையே…” என்றாள், நிஜமாகவே தெரியாமல். அந்த ஒரு சொல்லில் தம்பியின் முகம் அணைந்துபோனது. பேசாமல் எழுந்தான், செருப்பை மாட்டினான், படியில் இறங்கினான். கீழே பைக் உறுமியது, இரண்டு முறை உறுமி நின்றது. மழை அவனைப் போக விடவில்லை. கேட்டுக்குப் பக்கத்து சன்ஷேடுக்குக் கீழே நின்றுவிட்டான்.

“போன தடவையும் இதே மாதிரி வாயே தொறக்காம போனான். தப்பு இல்லன்னா வாயத் தொறந்து சொல்லலாமே!” என்றான் ஆன்டோ. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம்.

“செத்த சும்மா இரேன்” என்றாள் ஜாஸ்லின்.

லாவண்யா பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளைகளை எண்ணத் தொடங்கினாள். கம்பெனியில் ஒரு பார்ட் எங்கேயாவது கூடினால் அவள் முதலில் தேடுவது அது எங்கே குறைந்தது என்றுதான். ஐந்து பொட்டலத்துக்கு நாற்பது வெள்ளை வர வேண்டும். முப்பத்து நாலு. குறைந்தது ஆறு. கூடியதும் ஆறு.

“ஜாஸ்லின், அந்த மஞ்சள குடு. பத்தையும்.”

ஜாஸ்லின் போன் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நாலு காயின்களின் மஞ்சள் ஒரே சீராக இருந்தது. மற்ற ஆறில் ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி, திட்டுத் திட்டாக. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள்.

“இன்னாடி இது, காயின்ல சாம்பார் வாசனை?”

லாவண்யா ஆறையும் அள்ளிக்கொண்டு சமையலறைத் தொட்டிக்கு ஓடினாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பாத்திரம் துலக்கும் சோப்பை எடுத்து ஒரு காயின் மேல் தேய்த்தாள். நுரைக்குள்ளேயே மஞ்சள் சிவக்க ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டையில் குழம்பைக் கொட்டிக்கொண்டு, சோப்பு போட்டதும் அது சிவந்துபோய்த் திட்டு வாங்காத ஆள் அந்தச் சமையலறையில் ஒருவரும் இல்லை. இரண்டாவதும் சிவந்தது. மூன்றாவதும்.

“ஐயோ” என்று தினகரன் தலையில் கை வைத்தான்.

மூன்று பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“அன்னிக்கு சந்தனம் தீந்துபோச்சு. சரின்னு மஞ்சத்தூள கரைச்சேன். கொஞ்சம் தண்ணியா பூட்ச்சு.”

“பெட்டி மூடியில தானேங்க பொட்டு இருந்துச்சு?”

“மூடிக்கும் வச்சேன். அப்புறம்… வினோத் பொட்டலத்த மட்டும் பிரிச்சு, வெள்ளைக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணா வச்சேன். வெறும் வெள்ளையா கீதேன்னு. பையன் மூஞ்சிய தொங்கப் போட்டுகினே கீறானே, இந்த தபாவாச்சும் அவனுக்கு நல்லா போவட்டும்னு. ஆறு வச்சேன், அதுக்குள்ள எல்லாம் ஒழுகிடிச்சு. பனியனால நல்லா தொடைச்சுட்டுத்தாம்மா உள்ள போட்டேன்!”

“தொடைச்சீங்களா, பூசினீங்களா?”

“அண்ணாத்தே” என்றான் ஆன்டோ, “நூத்தம்பது ரூபா காயின ஆறாயிரம் ஆக்கிட்டு, பனியனால தொடைச்சாராம்!” சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். கீழே நிற்பவனின் நினைப்பு வந்திருக்க வேண்டும். சோப்பு நுரையில் சிவந்து கிடந்த காயின் ஒன்றைத் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, குடைகூட எடுக்காமல் படியில் தடதடவென்று இறங்கினான்.

மேலிருந்து கேட்டது மழையும் அவன் குரலும்தான். “மச்சான், இத பாரு. மாமா பூஜை பண்ணிட்டாருடா. டேய், சிரிக்காத, நெஜமா. சோப்பு போட்டா செவக்குது பாரு. நான் ஒரு முட்டாள், வா மேல. புளியங்கொட்டைக்கும் சேத்து சொல்றேன், வாடா.” பிறகு இரண்டு பேர் செருப்பின் சளக் சளக் படியேறி வந்தது.

வினோத்தின் தோளில் ஆன்டோவின் கை கிடந்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஜாஸ்லின் இரண்டு துண்டுகளைத் தூக்கி எறிந்தாள். தினகரன் மச்சினனின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, “மாப்ள, இனிமே உன் பொருள் எதுக்கும் பொட்டு வைக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்தான். ஹாலில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. ஆன்டோ இன்னும் ஒரு படி மேலே போனான். “கேட்டுக்கங்க. இனிமே காயின் பெட்டிக்கு வினோத்துதான் பொறுப்பு. எண்ணறதும் அவன்தான், குடுக்கறதும் அவன்தான். கண்ண மூடிகினு நம்பலாம்.”

லாவண்யா தொட்டியில் மீதிக் காயின்களை அலசிக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீர் பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளுக்கே திரும்பியது. வெள்ளையாகும் என்ற நம்பிக்கை போய்விட்டது. போனால் போகட்டும், உபரியில் இன்னும் அறுபது வெள்ளை இருக்கிறது. அவள் மனசு வேனின் ஜன்னல் சீட்டில் காற்று வாங்குவது போல லேசாக இருந்தது. தம்பி வந்துவிட்டான். நினைத்ததைவிட நன்றாகவே முடிந்துவிட்டது.

வினோத் உள்ளே வந்தான். தோளில் துண்டு, கையில் ஆன்டோ கீழே எடுத்து வந்து காட்டிய காயின். அவள் அலசிக் கொடுத்த காயின்களை வாங்கித் துடைத்தான்.

“நான் பொட்டலத்தப் பிரிச்சப்பவே பாத்தேங்க்கா” என்றான் மெதுவாக. “எட்டு மஞ்சள்.”

லாவண்யா குழாயை மூடினாள்.

“நீதான் போட்டேன்னு நெனச்சேன். எப்பவும் என் தட்டுல மட்டும் ஒரு முட்டை கூட வைப்பியே, அது மாதிரி. நிமிந்து பாத்தேன். நீயும் சிரிச்ச.”

“நான் நீ வந்துட்டேன்னு சிரிச்சேன்டா!”

“இப்பத்தான் புரியுது.”

“அதான் அவன் கேட்டப்ப வாயே தொறக்கலையா? நான் மாட்டிப்பேன்னா?”

வினோத் துடைத்த காயினையே மறுபடியும் துடைத்தான். ஹாலில் தினகரன் சீட்டைக் குலுக்கும் சத்தம் கேட்டது.

“பாதி அதுக்குத்தான்” என்றான். “மீதி, இருந்தா இருக்கட்டும், அவன ஜெயிச்சுக் காட்டலாம்னு. புளியங்கொட்டை நான் எடுக்கலக்கா. சத்தியமா எடுக்கல. ஆனா இத தெரிஞ்சேதான் வச்சிகினு ஆடினேன். இப்ப அவன் மழையில வந்து நின்னு மன்னிப்பு கேக்கறான். பெட்டியே நீ வச்சுக்கோன்றான்.”

“மச்சான்!” ஹாலிலிருந்து ஆன்டோ கத்தினான். “பெட்டிக்காரரே! வந்து எண்ணிப் போடுங்க, ஆட்டத்த முதல்லேந்து ஆடலாம்!”

வினோத் ஆறு காயின்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அக்காவின் ஈரக் கையில் வைத்தான்.

“எனக்கு வாய் வர மாட்டேங்குதுக்கா. நீயே போய் அவன்கிட்ட சொல்லிடேன்.”